அலையை எங்கே நின்று எண்ணுவது

தொற்றுநோய்ப் பாடப்புத்தகங்களில் மறுபடி மறுபடி அச்சாகும் வரைபடம் ஒன்று பம்பாயுடையது. 1905 டிசம்பரிலிருந்து 1906 ஜூலை வரை அந்த நகரில் வாரந்தோறும் பிளேக்கால் இறந்தவர்களின் கணக்கு அது. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு குன்று கிடைக்கும். மெல்ல ஏறி, கோடையின் தொடக்கத்தில் வாரத்துக்கு 900 மரணங்கள் வரை போய், ஏறிய வேகத்திலேயே இறங்கி, மழை பிடிக்கும்போது தரையோடு படுத்துவிடும். 1927-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கெர்மாக், ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக் இருவரும் அந்தக் குன்றின்மேல் தங்கள் சமன்பாட்டின் கோட்டை வரைந்து காட்டினார்கள். கோடு புள்ளிகளை விட்டு விலகவே இல்லை. மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலியின் பாஸ்டர் நிறுவனத்தை நடத்தியவர். கெர்மாக், ஆய்வக விபத்தில் பார்வையை இழந்த பிறகும் மனக்கணக்காகவே கணிதம் செய்த வேதியியலாளர். இன்று உலகம் முழுதும் தொற்றுநோயைக் கணிக்கப் போடப்படும் கணக்குகளில் பெரும்பாலானவை இந்த இருவரின் பிள்ளைகள்.

அந்தச் சமன்பாடு சொல்லும் கதை எளிது. நோய் வரக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கும்வரை நோய் பெருகும். வந்து போனவர்கள் கூடக்கூட, நோயாளி ஒருவர் தொற்றவைக்க ஆள் கிடைப்பது அரிதாகும். ஒரு கட்டத்தில் ஏற்றம் நின்று இறக்கம் தொடங்கும். ஊரில் இன்னும் நோயே தொடாத ஆட்கள் மிச்சமிருக்கும்போதே அலை ஓய்ந்துவிடும் என்பதுதான் அவர்கள் கண்டு சொன்ன பெரிய செய்தி.

ஆனால் பம்பாயில் அந்தப் பருவத்தில் நடந்தது இதுவாக இருக்க முடியாது. நகரில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இருந்தார்கள். அந்த ஏழெட்டு மாதங்களில் பிளேக்கில் இறந்தவர்கள் சுமார் 10,000 பேர். அன்றைக்கு அரையாப்புப் பிளேக் வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. அப்படியானால் நோய் தொட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மீதி தொண்ணூற்றெட்டுப் பேர் அப்படியே இருக்க, நோய்க்கு ஆள் கிடைக்காமல் போனது என்று எப்படிச் சொல்வது? போதாததற்கு 1897 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் அதே மாதங்களில் அதே போன்ற குன்று பம்பாயில் எழுந்து விழுந்திருக்கிறது. பனிக்காலத்தில் தொடங்கும், வெயில் ஏறி உச்சத்துக்குப் போனதும் தணியும், மழைக்குள் அடங்கும். அது எலியும் தெள்ளுப்பூச்சியும் பருவமும் சேர்ந்து எழுதிய குன்று. மனிதரின் எதிர்ப்பு சக்திக்கு அதில் பங்கு சொற்பம். எலிகளின் கதையை மனிதரின் கணக்கில் பொருத்துவது தோராயம்தான் என்று கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் எச்சரித்தும் வைத்தார்கள். எச்சரிக்கை மறந்துபோயிற்று, படம் தங்கிவிட்டது.

ஒரு தொற்றலை எத்தனை நாள் நீடிக்கும் என்ற கேள்வியை நான் இந்தப் படத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அலையின் வடிவத்தை மட்டும் பார்த்து அது எதனால் இறங்கியது என்று சொல்ல முடியாது. எதனால் இறங்கியது என்று தெரியாமல், முடிந்துவிட்டதா ஒத்திப்போயிருக்கிறதா என்றும் சொல்ல முடியாது. நாள் கணக்கு கேட்கிறவர்கள் உண்மையில் அறிய விரும்புவது இந்த இரண்டாவதைத்தான்.

மனிதரின் எதிர்ப்பு சக்தியே அலையை முடித்துவைத்ததற்குச் சுத்தமான சாட்சி வேண்டுமென்றால் வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளுக்குப் போக வேண்டும். 1846 மார்ச் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்த தச்சர் ஒருவர் தட்டம்மையைக் கொண்டுவந்தார். அங்கே 7,782 பேர் வாழ்ந்தார்கள். சுமார் ஆறு மாதத்தில் அவர்களில் 6,000 பேருக்கு மேல் படுத்தெழுந்தார்கள். நிலவரத்தைப் பார்க்க டேனிஷ் அரசு அனுப்பிய பீட்டர் பானுமுக்கு அப்போது வயது 25. வீடு வீடாகப் போய்த் தேதிகளைக் கேட்டு எழுதினார். ஓர் ஊரில் முதல் ஆளுக்குத் தடிப்பு வந்தால் அடுத்த கூட்டத்துக்குத் தடிப்பு வர ஏறத்தாழ 14 நாள் ஆகிறது, அதிலிருந்து மூன்றாவது கூட்டத்துக்கு இன்னொரு 14 நாள். மூன்று நான்கு சுற்றில் ஒரு சிற்றூர் முழுக்க முடிந்துவிடும். பிறகு நோய் படகேறி அடுத்த ஊருக்குப் போகும்.

தீவுகளுக்கு அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-இல். இடையில் 65 ஆண்டுகள் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பழைய நோயில் குழந்தையாகப் படுத்துப் பிழைத்த கிழவர்களும் கிழவிகளும் 1846-இல் உயிரோடிருந்தார்கள். பானும் தாமே அப்படி 98 பேரைப் பார்த்ததாக எழுதுகிறார். ஒருவருக்கும் நோய் திரும்ப வரவில்லை. பேரப்பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்த வீடுகளில் இவர்கள்தான் அடுப்பு மூட்டித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பானும் பிடித்த அந்த 14 நாள்தான் அலையின் நீளத்தை அளக்கும் முதல் முழக்கோல். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நோய் போய்ச்சேர ஆகும் காலத்தை நோயின் ஒரு தலைமுறை என்று வைத்துக்கொள்ளலாம். இன்ஃபுளூயன்சாவுக்கு அது சுமார் மூன்று நாள். தட்டம்மைக்கு இரண்டு வாரம். பெரியம்மைக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். கொரோனா முதலில் வந்தபோது ஐந்தாறு நாள், ஒமிக்ரானில் மூன்று நாளுக்குச் சுருங்கியது. தடுப்பு எதுவுமில்லாமல் ஓர் ஊரைக் கடக்க நோய்க்குப் பத்திலிருந்து இருபது தலைமுறை வேண்டும் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். 1918-இல் பல நகரங்களில் விஷக்காய்ச்சல் என்று பேர்பெற்ற இன்ஃபுளூயன்சா ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஏறி இறங்கியது இந்தக் கணக்கில் சரியாக உட்காருகிறது. ஃபாரோவின் ஆறு மாதமும் உட்காருகிறது. எச்.ஐ.வி.யைப் பாருங்கள். தொற்று ஏறியவர் நோயாளியாக வெளித்தெரியவே பத்தாண்டுபோல் ஆகும், அதுவரை அறியாமலே பிறருக்குக் கொடுக்கக்கூடும். சென்னையில் சுனிதி சாலமனின் குழு 1986-இல் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தது. உலக அளவில் புதிய தொற்றுகள் உச்சம் தொட்டது 1990-களின் நடுவில், மரணங்கள் உச்சம் தொட்டது 2004 வாக்கில். நாற்பது ஆண்டாகியும் அந்த அலை கரையேறி முடியவில்லை. அதற்குள்ளேயே வாழ்வதால் அதை அலை என்று சொல்ல நமக்குத் தோன்றுவதில்லை.

ஊர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நாள் நோய் நீடிக்கும் என்று தோன்றலாம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நோயாளிகள் மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால், ஒருவர் பத்து லட்சமாக இருபது இரட்டிப்பு போதும். அறுபது நாள். பத்து லட்சம் ஒரு கோடியாக இன்னும் பத்து நாள் போதும். ஜனத்தொகை பத்து மடங்கானால் அலையின் நீளம் பத்து மடங்காவதில்லை, சில நாள்தான் கூடுகிறது. நோய் சிற்றூரை விழுங்குவதுபோலவே பெருநகரத்தையும் விழுங்கும். முதல் ஐம்பது நாளில் கண்ணுக்கே தெரியாமல் இருந்துவிட்டு, கடைசிப் பத்து நாளில் மருத்துவமனை வாசலில் வந்து நிற்கும். ‘நேற்றுவரை ஒன்றுமில்லையே’ என்று ஒவ்வொரு நகரமும் ஏன் சொல்லிற்று என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

உச்சத்தைப் பற்றிய ஒரு தவறையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உயிர்களை வாங்கியிருக்கிறது. ஒரு நோயாளி சராசரியாக இரண்டு பேருக்குத் தொற்றவைக்கும் நோய் ஒன்று, தடுப்பார் இல்லாமல் ஓடுகிறது என்று கொள்வோம். கெர்மாக்-மெக்கென்ட்ரிக் சமன்பாட்டின்படி நூறு பேரில் ஐம்பது பேரைத் தொட்டதும் உச்சம் வரும். ஆனால் ஐம்பதோடு நிற்காது. ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் தீ அணைவதற்குள் இன்னும் முப்பது பேரைத் தொட்டுவிடும். அதாவது மொத்த நோயாளிகளில் எட்டில் மூன்று பங்கு உச்சத்துக்குப் பிறகு வருகிறவர்கள். உச்சம் கடந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கேட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தவர்கள் இந்தக் கணக்கில்தான் சிக்கினார்கள்.

ஒரு சமன்பாடு போதும், அலை ஏறிய வழியே இறங்கும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட வயது அதிகம். இங்கிலாந்தின் பதிவுத் துறையில் புள்ளிவிவரம் தொகுத்த வில்லியம் ஃபார், 1840-இல் பெரியம்மை மரணங்கள் மணி வடிவில் ஏறி இறங்குவதைக் காட்டினார். 1866-இல் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்து பிரிட்டன் பதறியபோது, வேகம் குறைந்துவருகிறது, சில மாதத்தில் தணியும் என்று நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். பலர் கேலி செய்தார்கள். நோய் தணிந்தது. அதே சமயம் நோய் கண்ட மாடுகளைக் கொல்லும் சட்டமும் அமலுக்கு வந்திருந்தது, ஆகவே பெருமை யாருக்கு என்பது இன்றும் வழக்கு. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சுகாதார அளவீட்டு நிறுவனம் இதே வழியில் வளைவைப் பொருத்தி, ஆகஸ்டுக்குள் சுமார் 60,000 பேர் இறப்பார்கள் என்றது. அந்த எண் ஏப்ரல் முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. ஆகஸ்டில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஏற்றத்தை நிறுத்தியது நோயின் களைப்பாக இருந்தால் இறக்கமும் செங்குத்தாக இருந்திருக்கும். நிறுத்தியது வீட்டுக்குள் உட்கார்ந்த மனிதர்கள். அவர்கள் எவ்வளவு நாள் உட்காருவார்கள் என்பதைப் பொறுத்தே இறக்கம் சரிந்தது.

மனிதர்கள் நடத்தையை மாற்றி அலையை வளைத்த கதைகளில் 1918-இன் இரண்டு அமெரிக்க நகரங்களை எல்லாரும் சொல்வார்கள், சொல்லத் தகுந்ததுதான். பிலடெல்ஃபியாவில் செப்டம்பர் 28 அன்று போர்க் கடன் பத்திரத்துக்காகப் பெரிய ஊர்வலம் நடந்தது. செயின்ட் லூயிஸில் முதல் நோயாளிகள் தெரிந்த சில நாளுக்குள் பள்ளி, தேவாலயம், நாடகக் கொட்டகை எல்லாவற்றையும் அடைத்தார்கள். பிலடெல்ஃபியாவில் உச்ச வாரத்தில் லட்சத்துக்கு 257 மரணம். செயின்ட் லூயிஸின் முதல் உச்சத்தில் 31. ஆனால் பிலடெல்ஃபியாவின் அலை உயரமாக எழுந்து சீக்கிரம் முடிந்தது. செயின்ட் லூயிஸில் நவம்பர் நடுவில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் நோய் மீண்டும் ஏறியது. அலை நீண்டது, இரண்டு திமிலோடு. நீண்ட அலை மோசமான அலை என்று நினைக்கப் பழகிவிட்டோம். செயின்ட் லூயிஸில் அந்த நீளத்துக்குள் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

நமக்கு அருகில் இதற்கு இணை கேரளம். 2021 மே மாதம் இந்தியா முழுதும் கொரோனாவின் டெல்டா அலை உச்சம் தொட்டு ஜூலையில் சரிந்தபோது கேரளத்தின் கோடு மட்டும் இறங்க மறுத்தது. ஆகஸ்டில் நாட்டின் தினசரித் தொற்றில் பாதிக்கு மேல் அந்த ஒரு மாநிலத்திலிருந்து வந்தது. தொலைக்காட்சிகளில் அதைத் தோல்வி என்றே பேசினார்கள். ஆனால் அந்த ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த நான்காவது ரத்த ஆய்வில் நாட்டில் 67 சதவீதத்துக்கு மேலானோருக்கு எதிரணுக்கள் இருந்தன, தமிழ்நாட்டில் 69 சதவீதம்போல, மத்தியப் பிரதேசத்தில் 79. கேரளத்தில் 44. அங்கே நோய் இன்னும் தொடாதவர்கள் அதிகம் இருந்தார்கள். அதனால்தான் அலை நீண்டது. அந்த நீளத்துக்குள் தடுப்பூசி ஓடிவந்து பலரிடம் நோய்க்கு முன்பே போய்ச்சேர்ந்தது. அலை சீக்கிரம் முடிந்த மாநிலங்கள் பலவற்றில் அது முடிந்ததற்குக் கொடுத்த விலை சுடுகாட்டில் தெரிந்தது.

அந்த மே மாதக் கடைசியில் கோவையிலிருந்து என் அத்தை போனில் கேட்டார்: “மெட்ராஸ்ல கொறஞ்சுபோச்சுன்னு டிவில சொல்றாங்க கண்ணு, இங்க எதுக்கு இப்பிடி ஏறுது?” அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி. மும்பையின் உச்சம் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்தது. டெல்லியில் ஏப்ரல் 20-ஐ ஒட்டி. சென்னையில் மே இரண்டாம் வாரம். மே கடைசி வாரத்தில் தினசரித் தொற்றில் கோவை சென்னையை முந்திவிட்டது. தமிழ்நாடு என்று மொத்தமாக எண்ணினால் மே 21 அன்று 36,184 தொற்றுகளுடன் உச்சம். அந்த நாள் சென்னைக்காரருக்கு இறக்கம், கோவைக்காரருக்கு ஏற்றம். இந்திய அலை நாலைந்து மாதம் நீண்டது என்கிறோம். எந்தத் தெருவிலும் அது அவ்வளவு நாள் இல்லை. ஒவ்வோர் ஊரிலும் ஆறேழு வாரம் உலுக்கிவிட்டுப் போனவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில்தான் அந்த நீளம் கிடைத்தது.

1918-லும் அதேதான். பம்பாய்க்கு ஜூனில் ஒரு மென்மையான அலை வந்து சில வாரத்தில் போனது. செப்டம்பரில் திரும்பியது, குணம் மாறி. அக்டோபர் 6 அன்று ஒரே நாளில் 768 பேர் அந்த நகரில் இறந்தார்கள். அங்கிருந்து ரயில் பாதைகள் வழியே பரவி, சென்னை மாகாணத்தை அக்டோபரில் உலுக்கி, வங்காளத்தில் நவம்பரில் உச்சம் கண்டது. போகப்போக உயிர்ப்பலி குறைந்துவந்தது. இந்தியா முழுக்க 1.2 கோடியிலிருந்து 2 கோடி வரை இறந்திருக்கலாம் என்கின்றன வெவ்வேறு மதிப்பீடுகள். 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்தியாவின் ஜனத்தொகை கூடுவதற்குப் பதில் சற்றுக் குறைந்தது, கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படி ஆனது அந்த ஒரு பத்தாண்டில் மட்டும். இவ்வளவும் பெரும்பாலும் மூன்று மாதத்தில் நடந்து முடிந்தது. சிற்றூர்களில் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்திருக்கும். அதுவும் அறுவடைக்கு ஆள் வேண்டிய வாரங்கள்.

1957-இன் ஆசிய இன்ஃபுளூயன்சா நம் கரையிலேயே நுழைந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த ரஜூலா கப்பல் மே 16 அன்று நோயாளிகளோடு சென்னைத் துறைமுகத்தைச் சேர்ந்தது. மலேயாவுக்குப் போய்வந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ ஏறி இறங்கிய கப்பல் அது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஐ.ஜி.கே. மேனன் பிறகு தொகுத்து எழுதியபடி, பன்னிரண்டு வாரத்துக்குள் நாடு முழுதும் பரவிவிட்டது. 1958 பிப்ரவரி வரை பதிவானவை சுமார் 44.5 லட்சம் நோயாளிகள், 1,098 மரணங்கள். பதிவாகாதவை எத்தனை மடங்கு என்பதை நம் நாட்டுப் பதிவேடுகளை அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பருவம் முடித்துவைக்கும் அலைகளுக்குத் திரும்பினால், பெரியம்மை நம் மூதாதையருக்கு ஒரு நாட்காட்டியாகவே இருந்தது. வங்காளத்தில் அதை வசந்த ரோகம் என்றார்கள். இங்கே பங்குனியும் சித்திரையும் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டும் மாதங்கள். மழை வந்தால் அம்மை இறங்கும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய அலையாக எழும், ஏனென்றால் முந்தைய அலைக்குப் பின் பிறந்த குழந்தைகள் அதற்குள் ஊர் கொள்ளுமளவு சேர்ந்திருப்பார்கள். மூன்று மாத அலை ஒன்று, அதற்கு மேல் ஐந்தாண்டு அலை ஒன்று. தட்டம்மைக்கு அந்தப் பெரிய சுற்று, தடுப்பூசிக்கு முந்தைய இங்கிலாந்தில், இரண்டு ஆண்டாக இருந்தது. இரண்டரை மூன்று லட்சம் பேருக்குக் குறைந்த நகரங்களில் இரண்டு அலைகளுக்கு நடுவில் தட்டம்மை அடியோடு மறைந்துபோவதையும், பெரிய நகரங்களில் கனன்றுகொண்டே இருப்பதையும் புள்ளியியலாளர் மாரிஸ் பார்ட்லெட் 1950-களில் காட்டினார். ஃபாரோவில் 65 ஆண்டு இடைவெளி விழுந்தது ஏன் என்பதற்கும் விடை அதுதான்.

பருவம் பொய்த்தும் அலை வரும். 1934-இல் இலங்கையின் தென்மேற்குப் பருவமழை தவறியது. களனி, மகா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின, அந்தத் தெளிந்த குட்டைகளில் மலேரியாக் கொசு பெருகியது. வறண்ட பகுதி மக்களுக்கு மலேரியா பழகிய நோய். ஈரமண்டலத்து மக்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அந்த ஆண்டுக் கடைசியில் தொடங்கி 1935 வரை ஓடிய அலையில் 80,000 பேர் வரை இறந்தார்கள். ஆறு ஓடத் தொடங்கினால் முடிந்திருக்க வேண்டிய அலையை நீட்டியதில் பசிக்குப் பெரும் பங்கு உண்டு. நோய்க்கு முன்பே வறட்சி விளைச்சலைத் தின்றிருந்தது.

சிக்குன்குனியாவை அனுபவித்தவர்கள் நம் ஊரில் ஏராளம் என்பதால் ரீயூனியன் தீவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005 மார்ச்சில் வந்து, அங்கே குளிர்காலம் வந்ததும் அடங்கியது. முடிந்தது என்றார்கள். அந்த ஆண்டு இறுதியில் வெயிலோடு திரும்பி, 2006 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் 40,000-க்கும் மேற்பட்டோரை முடக்கியது. அந்த இடைவெளியில் கிருமி ஒரே ஒரு சிறு மாற்றத்தால் ஆசியப் புலிக்கொசுவுக்குள் நன்றாக வளரக் கற்றிருந்தது. தீவில் மூவரில் ஒருவருக்கு வந்துவிட்டது. அதே 2006-இல் இந்தியாவுக்கும் அந்நோய் முப்பதாண்டுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு திரும்பியது.

எதிர்ப்பு சக்தி, மனிதரின் நடத்தை, பருவம் என்ற மூன்றுக்கும் அடுத்து, கிருமியே மாறிவிடுவது எல்லாக் கணக்கையும் குலைக்கும் நான்காவது கை. பிரேசிலின் மனாவ்ஸ் நகரில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா உக்கிரமாக ஏறி, பெரிய ஊரடங்கு இல்லாமலே இறங்கியது. அந்த ஆண்டு அக்டோபருக்குள் நகரில் நான்கில் மூவருக்குத் தொற்றியிருக்கும் என ரத்ததான மாதிரிகளை வைத்து ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நோய்க்கு இனி அங்கே ஆள் இல்லை என்று பலர் நினைத்தார்கள். 2021 ஜனவரியில் காமா உருமாற்றத்தோடு முன்னதைவிடப் பெரிய அலை வந்தது. ஆக்சிஜன் தீர்ந்துபோன மருத்துவமனைகளில் மக்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த மதிப்பீடு கூடுதலாக இருந்ததா, எதிர்ப்பு சக்தி மங்கியதா, உருமாறிய கிருமி அதை ஏமாற்றியதா என்று இன்னும் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உறுத்துவது வேறு. அங்கே நடந்ததை உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. அதே ஜனவரி, பிப்ரவரியில் இந்தியாவில் தினசரித் தொற்று பதினோராயிரம் அளவுக்குக் குறைந்திருந்தது, நம் ஊர்களிலும் அதே வாதம்தான் நம்பிக்கையாக ஓடியது. மே 6 அன்று அந்த எண் நான்கு லட்சத்துக்கு மேல் இருந்தது.

1889-இன் ரஷ்யக் காய்ச்சலுக்கும் இந்த வாலாட்டம் உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ரயிலேறி ஐரோப்பிய நகரங்களை ஒவ்வொன்றாக ஐந்தாறு வாரத்தில் கடந்தது. பிறகு 1891, 1892 என்று ஆண்டுக்கணக்கில் திரும்பித் திரும்பி வந்தது. சில நகரங்களில் பின்னால் வந்த அலைகளில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். ஆக ‘அந்தக் கொள்ளைநோய் எவ்வளவு நாள் இருந்தது’ என்று கேட்டால் ஐந்து வாரம் என்பதும் சரி, ஐந்து ஆண்டு என்பதும் சரி.

லண்டன் பிராட் தெருவில் 1854 ஆகஸ்ட் 31 இரவு காலரா வெடித்தது. பத்து நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், மொத்தம் 616. அந்தத் தெருப் பம்பின் தண்ணீர்தான் காரணம் என்று கண்ட மருத்துவர் ஜான் ஸ்னோ வற்புறுத்தி, செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். கைப்பிடி கழன்றதும் நோய் நின்றதாகப் பிற்காலத்தில் கதை கட்டிவிட்டார்கள். ஸ்னோ அப்படிச் சொல்லவில்லை. கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே மரணங்கள் குறைந்துவிட்டன, ஏனென்றால் மக்கள் தெருவைக் காலிசெய்துகொண்டு ஓடியிருந்தார்கள் என்று தன் கண்டுபிடிப்பின் பெருமையைத் தானே குறைத்து எழுதினார். இறக்கத்தின் காரணத்தைத் தேடும்போது காட்ட வேண்டிய நேர்மை அதுதான் என்று நினைக்கிறேன். எந்த அரசும் தன் நடவடிக்கையால்தான் அலை இறங்கியது என்று அறிவிக்கும் நாளில் ஸ்னோவை எடுத்துப் படிக்க வேண்டும்.

அதே காலராவுக்கு இன்னொரு நீளமும் இருக்கிறது. ஏழாவது உலகப் பரவல் என்று எண்ணப்படுவது 1961-இல் இந்தோனேசியாவின் சுலவேசியில் தொடங்கியது. இன்னும் முடியவில்லை. ஹைத்தியில் அதன் ஒரு கிளை 2010 அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததிலிருந்து கிளம்பியது. ஒவ்வொரு மழைக்காலமும் ஏறி, ஒவ்வொரு வறண்ட பருவமும் இறங்கி, எட்டு ஆண்டில் 8 லட்சத்துக்கு மேற்பட்டோரைத் தொட்டு, ஏறத்தாழ 10,000 உயிர்களைக் கொண்டுபோனது. 2019 தொடக்கத்துக்குப் பிறகு உறுதிசெய்யப்பட்ட நோயாளி இல்லை. மூன்றாண்டு கடந்து முடிந்ததாக அறிவித்தார்கள். 2022 அக்டோபரில் திரும்ப வந்தது. அங்கே நல்ல தண்ணீர்க் குழாய் இல்லாத வீடுகள் அப்படியே இருந்தன.

முடிவை அறிவிக்க உலக சுகாதார நிறுவனம் எபோலாவுக்கு வைத்திருக்கும் விதி 42 நாள். தொற்று ஏறி நோய் வெளிப்பட அதிகபட்சம் 21 நாள், அதைப்போல் இரண்டு மடங்கு. கடைசி நோயாளியின் ரத்தம் சுத்தமானது, அல்லது அவர் அடக்கமானது, அன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கினியாவின் காட்டோரக் கிராமம் ஒன்றில் 2013 டிசம்பரில் தொடங்கிய மேற்கு ஆப்பிரிக்க எபோலாவில் 28,600 பேர் நோயுற்று, 11,300 பேருக்கு மேல் இறந்தார்கள். லைபீரியா 2015 மே 9 அன்று 42 நாளை எண்ணி முடித்தது. தலைநகர் மன்ரோவியாவில் கொண்டாடினார்கள். ஜூன் கடைசியில் ஒரு புதிய நோயாளி. மீண்டும் எண்ணி செப்டம்பர் 3 அன்று முடித்தார்கள். நவம்பரில் மறுபடி. 2016 ஜனவரி 14 அன்று மூன்றாவது முறை அறிவித்தார்கள். ஏப்ரலில் மறுபடி. பிழைத்தவர்களின் உடலில், ரத்தம் சுத்தமான பின்னும், கிருமி மாதக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும் என்பதை அந்த நாடு இப்படித்தான் கற்றது. நான்காவது அறிவிப்பு 2016 ஜூன் 9 அன்று வந்தது. அதற்குப் பிறகும் இன்னொரு 90 நாள், ஒவ்வொரு காய்ச்சலையும் ஒவ்வொரு மரணத்தையும் விசாரித்தபடி சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.